பலகையில் எனக்கென ஓர் ஆணி

புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்றுநர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். கேட்டவர்கள் இதைப் படிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் படிப்பீர்களா என்பது அதைவிடச் சந்தேகம். ஓய்வுபெற்றவன் பேச ஆரம்பித்தால் கொட்டாவி வரும், உங்கள் வயதில் எனக்கும் வந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றி எப்படி வைண்டிங் செய்வது என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அதற்குப் புத்தகம் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது. நான் சொல்லப்போவது சந்தேகத்தைப் பற்றி. நம் தொழிலில் ஸ்பேனருக்கு அடுத்தபடியாக அதிகம் புழங்குவது அதுதான்.

கள்ளக்குறிச்சியில் இந்த மையத்துக்கு வருவதற்கு முன்னால் உளுந்தூர்பேட்டையில் ஒரு வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறைக்காரர் சாயங்காலமானால் கதவருகே நின்றுகொண்டு எங்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பார், செம்புக் கம்பி ஏதும் போகிறதா என்று. மிச்சச் சோறு இருந்தால் அதற்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். எங்களுக்கு அவமானமாக இருக்கும். ஆனால் மோட்டாரையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

ஒருமுறை திருநாவலூரிலிருந்து ஒரு விவசாயி மோட்டார் கொண்டுவந்தார். "கம்பெனி வைண்டிங்குங்க. இதுவரிக்கும் ஒருத்தரும் தொறக்கலிங்க" என்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். பட்டறைக்காரர் மோட்டாரின் தகட்டில் எழுதியிருந்ததைப் பார்க்கவே இல்லை. காயிலை, அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருளைக் கட்டியிருந்த நூலின் முடிச்சைப் பார்த்தார். "இது கம்பெனி முடிச்சு இல்ல, எவனோ கை வெச்சிருக்கான்" என்றார். பிரித்தால் உள்ளே இருக்க வேண்டியதைவிட மெல்லிய கம்பி. விவசாயி சொன்னதை நம்பி அதே அளவுக் கம்பியைத் திரும்பச் சுற்றியிருந்தால் ஒரே மாதத்தில் எரிந்திருக்கும், பழி எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

உனக்கு முன்னால் கை வைத்தவன் யார் என்று எப்போதும் கேள், அவன் என்ன செய்தான் என்று பார். இதை அவரிடம் கற்றேன். இது சரியான பாடம், நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். சோற்றுக்குள் விரலை விடுவதையும் அதோடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது மையத்தில் பெண்களுக்கென்று போர் மோட்டார் வைண்டிங் வகுப்பு தொடங்கினார்கள். போர் மோட்டார் என்றால் ஆழ்துளைக் கிணற்றுக்குள் தண்ணீரில் முங்கியபடியே ஓடுவது. கணவனை இழந்தவர்களும் கணவன் விட்டுப் போனவர்களுமாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். "தையல் இருக்குதே மேடம், இது எதுக்கு?" என்று மேலாளரிடம் கேட்டேன். "தெருவுக்கு நாலு தையல் மிஷின் ஓடுது சார். மோட்டார் எரிஞ்சா கரியாலூர்லேர்ந்து மலை எறங்கி இங்க வர்றாங்க. எதுல பொழப்பு இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பதில் சரியாக இருந்ததாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

போர் மோட்டாரில் செம்புக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்த உறையில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், மோட்டார் போய்விடும். ஆகவே வைண்டிங் அறை வாசலில் ஒரு பலகை அடித்தேன். அதில் பன்னிரண்டு ஆணி இறக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் எழுதினேன். உள்ளே வருமுன் வளையல், மோதிரம், வாட்ச் எதுவானாலும் கழற்றித் தன் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணி அடிக்கும்போது சுத்தியல் நழுவி என் விரலில் விழுந்தது. மோதிரம் தாங்கிக்கொண்டதால் விரல் தப்பியது.

கணவன் விட்டுப் போனவர்கள் வளையல் போட்டிருந்தார்கள், கழற்றி மாட்டினார்கள். கணவனை இழந்தவர்களின் ஆணிகள் காலியாகவே இருந்தன. தினமும் அந்தக் காலி ஆணிகளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது என்று மேடம் பிறகு ஒருநாள் சொன்னார். எனக்கு அப்போது அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

காலி ஆணிகளில் ஒன்று அஞ்சலையுடையது. களமருதூர்ப் பக்கம், நிலம் கிடையாது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்த குடும்பம். கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து கணவன் செத்துப் போயிருந்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. மையத்து விடுதியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள், குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தாள். வகுப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினால் கடை வைக்க உதவுவார்கள். பாதியில் அனுப்பிவிட்டால் அறையும் போகும், குழந்தையின் பள்ளியும் போகும், மறுபடி மாமியார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே அவளை யாரும் எதிர்பார்த்துக்கொண்டு இல்லை.

அவள் நன்றாக வேலை செய்தாள். அதுதான் என் முதல் சந்தேகம். மற்றவர்கள் ஒரு மாதம் திணறிய வேலை அவளுக்குப் பத்து நாளில் கைவந்தது. இதற்கு முன் எங்கேயாவது செய்திருக்கிறாளா, செய்திருந்தால் ஏன் மறைக்கிறாள் என்று யோசித்தேன். நெல் நாற்றை முடிந்து முடிந்து பழகிய கைக்கு நூல் முடிச்சு ஒரு பெரிய காரியமில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது சந்தேகம் அவள் சட்டை. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போடுவார்களே, அதேபோல எல்லோரும் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். உள்ளே வந்ததும் முழங்கை வரை மடித்துக்கொள்வார்கள். அஞ்சலை மட்டும் சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டாள். போதாததற்கு, தினமும் வகுப்பு தொடங்கும் முன்பும் சாப்பாட்டு வேளையிலும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையை உதறியபடி வெளியே வருவாள்.

முழுக்கை, சாத்திய கதவு, செம்பு. என் தலைக்குள் அந்தப் பழைய பட்டறைக்காரர் எழுந்து நின்றுகொண்டார். கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு போகிறாள் என்று முடிவு கட்டினேன். கம்பி குறைகிறதா என்று ஒரு நாளாவது சரிபார்த்தேனா என்றால், இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மலைக்காரர் ஒருவர் வந்தார். கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூர், அங்கே குடிதண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். அந்த ஊர் மோட்டாரை எங்கள் மையத்தில்தான் வைண்டிங் செய்து அனுப்பியிருந்தோம். செய்தவள் அஞ்சலை. பதினைந்து நாளில் திரும்பி வந்துவிட்டது.

"இன்னா சார் வேல பாக்குறீங்க? ஊரே ஓடைக்கு எறங்கித் தண்ணி தூக்கிக்கினு கெடக்குது. வாயும் வயிறுமா இருக்கற பொம்பள கூடக் கொடத்தத் தூக்கிக்கினு மேடு ஏறுது" என்றார்.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டேட்டர் என்கிற, காயில் சுற்றிய குழாயின் வாய்ப்பக்கம், காயிலின் உட்புறத்தில், உறைமேல் ஒரு கீறல். அறைக்கு வெளியே வந்து அஞ்சலையைக் கூப்பிட்டேன். மேடமும் பக்கத்தில் இருந்தார். மற்ற பதினொரு பேரும் சாப்பாட்டுக்குக் கைகழுவிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"கைப் பொத்தானக் கழட்டும்மா" என்றேன்.

"எதுக்குங்க சார்?"

"கழட்டுன்னா கழட்டு. உள்ள என்ன வெச்சிருக்கேன்னு பாக்கணும்."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் என்னைப் பார்த்தார். அஞ்சலை பொத்தானைக் கழற்றிச் சட்டைக்கையை மேலே ஏற்றினாள். ஒவ்வொரு கையிலும் இரண்டு கண்ணாடி வளையல். அவற்றின் மேல் நாங்கள் காயில் கட்டும் வெள்ளைப் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். செம்பு ஒரு நூல்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் வெட்கப்பட்டிருப்பான். எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். தேடிப்போனது கிடைக்காவிட்டாலும் வேறொன்று கிடைத்துவிட்டதே. வளையல்தான் கீறியிருக்கிறது, வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"வளையல் கழட்டணும்னு பலகை அடிச்சி வெச்சிருக்கேன், தெரியுமா தெரியாதா?"

"தெரியுங்க சார். ஆணியில மாட்டினா எல்லாரும் பாப்பாங்க. புருசன் செத்தவன்னு பேப்பர் குடுத்துதான் இங்க எடம் வாங்கினேன். வளையல் போட்டுக்கினு இருக்கறதப் பாத்தா பொய் பேப்பர்னு யாராச்சும் எழுதிப் போட்டுடுவாங்க. அதான் பாத்ரூமுக்குப் போயி நாடா சுத்திக்கினேன்."

மேடம் மெதுவாகக் கேட்டார். "பொண்ணு போடச் சொல்லுச்சாம்மா?"

"புள்ளைக்காகன்னு சொன்னா நல்லாதான் இருக்கும் மேடம். ஆனா எனக்காகத்தான் போட்டேன். பதினாறாம் நாளு ஒடச்சாங்க. ஊர வுட்டு இங்க வந்ததும் நானே கடையில வாங்கிப் போட்டுக்கினேன். எனக்குப் புடிக்கும்."

இதை அவள் தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. குற்றம் செய்தவள் இப்படி நிமிர்ந்து பேசுவாளா, பேசுகிறாள் என்றால் கைதேர்ந்தவள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகம் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் அப்படித்தான். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் நெஞ்சழுத்தம். எந்தப் பக்கம் போனாலும் அவள் மாட்டிக்கொள்ளும்படி நான் வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். விதியை மறைத்து மீறியதால் மோட்டார் பழுதானது, இவருக்குச் சான்றிதழ் தரப் பரிந்துரைக்க முடியாது என்று. குழு கூடி முடிவு செய்யும்வரை அவள் வைண்டிங் அறைக்குள் வரக் கூடாது. தாழ்வாரத்தில் உட்கார்ந்து எரிந்துபோன பழைய காயில்களை வெட்டியெடுக்கும் வேலையைக் கொடுத்தேன். கரியும் பிசுக்குமான வேலை. அவள் வளையலைக் கழற்றாமலே அதைச் செய்தாள், இப்போது சட்டைக்கையை மடித்துவிட்டு.

மலை மோட்டாரை வேறு இரண்டு பெண்களை வைத்து மறுபடி சுற்றினேன். கடைசியில் நானே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இது என் வழக்கம். யார் சுற்றினாலும், தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சோதித்த பிறகும், என் விரல் படாமல் ஒரு மோட்டாரும் மையத்தை விட்டுப் போகாது. பிறர் கையை நம்பாதவன் என்ற பெயரை அதில்தான் சம்பாதித்திருந்தேன்.

பத்தே நாளில் ஆபரேட்டர் மறுபடி வந்தார். இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். "ஓடையும் வத்திக்கினு வருது சார்" என்று மட்டும் சொன்னார்.

பிரித்தேன். அதே பக்கம், அதே உட்புறம், அதே மாதிரி ஒரு கீறல்.

உடனே நான் செய்த முதல் காரியம் என்ன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. காவலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, அஞ்சலை எப்போதாவது வைண்டிங் அறைக்குள் போனாளா என்று கேட்டேன். "இல்ல சார், அந்தப் பக்கமே போவல" என்றார். காவலாளிக்கும் அவளுக்கும் ஊர்க்காரப் பழக்கம் ஏதாவது இருக்குமோ என்று கூட ஒரு நொடி ஓடியது.

நான் திரும்பி வரும்போது அஞ்சலை கரிக்கையோடு அந்த மோட்டாருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நா சுத்தல சார்" என்றாள்.

"தெரியும்."

"கீறல் அதே எடத்துல கீது."

"அதுவும் தெரியும். எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. "நா ஒண்ணு காட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லுமுன் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டேட்டரின் வாய்க்குள் விரல்களை விட்டாள். விரல்கள் போயின. உள்ளங்கை நுழையவில்லை, வாயிலேயே நின்றுவிட்டது. அந்த மலை மோட்டார் குறுகல் ரகம். வளையல் அரைச் சாண் தள்ளி வெளியே இருந்தது.

"வளையல் அங்க போவாது சார். வெரலு மட்டுந்தான் போவுது. எங்க யாரு வெரல்லயும் ஒண்ணும் இல்லிங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் வைண்டிங் செய்தவன் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது இது. கீறல் உட்புறத்தில் இருந்தது, வளையலால் அங்கே போகவே முடியாது. முடிச்சைப் பார்த்துக் கைவேலையைக் கண்டுபிடித்தவரிடம் தொழில் கற்றவன் நான்.

அவள் அப்போது என் கையைப் பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போய் வெட்டுளியை எடுத்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். விட்டுக்கொண்டதே தெரியாமல் விட்டுக்கொண்டேன்.

என் மோதிர விரலில் ஒரு நீலக்கல் மோதிரம். சனிக்கு நல்லது என்று ஜோசியர் சொல்லிப் போட்டது. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விரல் பருத்திருந்ததால் சோப்புப் போட்டு இழுத்துக் கழற்ற வேண்டியிருந்தது. கல்லைப் பிடித்திருந்த நாலு கொக்கிகளில் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதனடியில் வெள்ளைப் பிசிறு. நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பியின் மேலிருக்கும் உறைதான். பலகைக்கு ஆணி அடித்த அன்று சுத்தியல் விழுந்து நிமிர்ந்த கொக்கி. மற்ற மோட்டார்களின் வாய் அகலம் என்பதால் என் கை தாராளமாகப் போய்வந்தது. குறுகலானதில் போகும்போதெல்லாம் கிழித்திருக்கிறது.

பெண்கள் வளையலைக் கழற்ற வேண்டும் என்று பலகை அடித்தேன். பெயர் எழுதி வைத்தேன். அந்தப் பலகையைத் தாண்டித் தினமும் மோதிரத்தோடு உள்ளே போனேன். இது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நம்மைப்போல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வரும் வியாதி இது. விதி போட்டவனுக்கு விதி ஞாபகம் இருக்காது.

இதோடு நிறுத்திக்கொண்டால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயத்தோடு நீங்கள் எழுந்து போகலாம். ஆனால் நான் அந்த மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். ஓய்வுபெறும் நேரத்தில் எதற்கு இந்தக் கேவலம் என்று நினைத்தேன். விரலில் வெள்ளையாகத் தெரிந்த வளையத்தை மறைக்கப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். கேட்டவர்களிடம் வெட்டுக்காயம் என்றேன். வகுப்பு தொடங்கும் முன்பும் சாப்பாட்டு வேளையிலும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பிளாஸ்திரியைச் சரிசெய்தேன். மூன்றாம் நாள் கதவைத் திறந்து வெளியே வரும்போதுதான் நான் யாரைப் போலச் செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

நாலாம் நாள் குழு கூடியது. மேடத்தின் அறையில் மேடம், வெளியிலிருந்து வந்த இரண்டு பேர், நான். ஆபரேட்டரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அஞ்சலை சுவரோரமாக நின்றாள். விட்டு வர இடமில்லை போலிருக்கிறது, குழந்தையும் புத்தகப் பையோடு அவள் பக்கத்தில் நின்றது. நான் எழுதிக் கொடுத்த தாள் மேஜையில் இருந்தது.

"உங்க பரிந்துரை இதுதானே சார், மாத்தம் எதாவது இருக்குதா?" என்று மேடம் கேட்டார்.

நான் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். அவளும் தப்பிக்க வேண்டும், நானும் தப்பிக்க வேண்டும். "பாவம், குழந்தையை வெச்சிக்கிட்டு கஷ்டப்படறாங்க. இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடலாம் மேடம்" என்றேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பெருந்தன்மையாகக் கேட்டது.

வெளியிலிருந்து வந்த இருவரும் தலையை ஆட்டினார்கள். மேடம் பேனாவை எடுத்தார்.

"மன்னிப்பு வேணாங்க மேடம்" என்றாள் அஞ்சலை.

மேடம் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்றே? அறையும் இருக்கும், சான்றிதழும் வரும்."

"மன்னிச்சிட்டாங்கன்னா நா செஞ்சேன்னு ஆயிடுது இல்லிங்களா? நாளைக்கு நா கட வெச்சா, மோட்டாரக் கெடுத்தவன்னு சொல்லிக்கினுதான் வருவாங்க. அப்புறம் யாரு என்ன நம்பிக் குடுப்பாங்க? வளையலு போட்டது என் தப்பு, அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க. கீறல் என்னுது இல்ல." குழந்தையின் தோளை இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சாருக்குத் தெரியும்" என்று முடித்தாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மோதிரம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டு வைத்தாள். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். என்னை இப்படி நிறுத்திவிட்டாளே என்ற கோபம். அந்தக் கோபத்தோடேயே பைக்குள் கையை விட்டு மோதிரத்தை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தேன்.

"இதுதான் கீறிச்சு. ரெண்டு தடவையும்" என்றேன்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. கொக்கியைக் காட்டினேன், பிளாஸ்திரியைப் பிய்த்து விரலைக் காட்டினேன். ஆபரேட்டர் எழுந்து வந்து மோதிரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோ, இத்தினிக்கூண்டு. இதுக்கா சார் எங்க ஊரு பொம்பளைங்க மலைய ஏறி எறங்கினாங்க?" என்றார். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடம் என் தாளைக் கிழித்துப் போட்டார். அதோடு விடவில்லை. "செக் பண்ணது எல்லார் எதுருலயும் தானே சார்?" என்று கேட்டார். புரிந்தது. பதினொரு பேரையும் வாசலுக்கு வரச்சொல்லி, அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, அஞ்சலையைத் திருட்டுச் சந்தேகத்தில் சோதித்தது தப்பு, மோட்டாரைக் கெடுத்தது நான் என்று சொன்னேன். பாதியில் நாக்கு வறண்டு நின்றுவிட்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அஞ்சலை முன்னால் வந்தாள். நாடாவைப் பிரித்து நாலு வளையலையும் கழற்றித் தன் பெயருக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். எல்லோரும் பார்க்க மாட்டினாள். பிறகு கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலும் ஓர் ஆணியும் எடுத்து, பலகையின் ஓரத்தில் பதின்மூன்றாவதாக அடித்தாள். சாக்பீஸால் அதன் கீழே "சார்" என்று எழுதினாள். கையெழுத்து குழந்தையுடையதைப் போல இருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு காலி ஆணிகளில் வளையல் தொங்கியது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

மலை மோட்டாரை அவளே சுற்றினாள். முடித்ததும் பழக்க தோஷத்தில் நான் விரலை நீட்டினேன். "வேணாங்க சார்" என்றாள். கையை மடக்கிக்கொண்டேன். கரியாலூர் தாண்டி அந்த ஊருக்கு நாங்கள் இருவரும் மோட்டாரோடே போனோம். அதைக் கிணற்றில் இறக்கித் தண்ணீர் தொட்டிக்கு ஏறும்வரை ஊர்ப் பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலையிடம், "இந்தத் தடவ எத்தினி நாளு வரும்?" என்று கேட்டாள். "தெரியலக்கா. நின்னா கூப்புடுங்க, நானே வர்றேன்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. நானாக இருந்தால் பத்து வருஷம் வரும் என்று பீற்றிக்கொண்டிருப்பேன்.

தம்பிகளே, பெண்களே, சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவனை முதலில் சந்தேகப்படுங்கள். மோட்டாரைச் சந்தேகப்படுங்கள், தகட்டை, கம்பியை, கடைசியாகக் கை வைத்தவனைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கடைசிக் கை அநேகமாக உங்களுடையதாகத்தான் இருக்கும். ஆளைச் சோதிக்கக் கை நீளும்போது கீறல் எங்கே இருக்கிறது என்று இன்னொருமுறை குனிந்து பாருங்கள். நான் ஆளைப் பார்த்தேன், கீறலைப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பு அதில் போயிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ஒருமுறை கரியாலூர் போயிருந்தேன். அஞ்சலை அங்கேயே கடை வைத்திருந்தாள். அந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்களாம். குழந்தை வளர்ந்து ஹைஸ்கூலில் படிக்கிறது. கடைக்குள் ஒரு பெண் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் பலகை, அதில் ஆணிகள், ஓர் ஆணியில் அஞ்சலையின் வளையல்கள்.

"வாங்க சார், வாங்க" என்று முகம் மலரக் கூப்பிட்டவள், நான் படியில் கால் வைத்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"கையக் காட்டுங்க."

மோதிரம் போடுவதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் வழி விட்டாள்.